பறக்கும் நேரம் முப்பத்து மூன்று நிமிடம்

காலை மணி பத்து இருபது. மேசைக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர். சௌந்தரபாண்டி அந்தப் பதினொன்றை இரண்டு தரம் எண்ணிவிட்டான். எண்ணுவது அவனுடைய பிழைப்பில் பாதி, ஆனால் இது பிழைப்புக்காக எண்ணியது அல்ல. ஆளுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தாலும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வசந்தாமணியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில், பதினான்காவது கட்டத்தில், நாற்பத்து மூன்று என்று போட்டிருக்கிறேன். அவ்வளவுதான், நான்கு விநாடிகூட ஆகாது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் கலையரங்கம் அது. மேடையில் செவிலியர் இடமாறுதல் கலந்தாய்வு, ஜூன் 2018 என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். நர்சுகள் சீருடை இல்லாமல் பட்டும் பூனம் சேலையுமாக வந்திருந்ததால் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போல இருந்தார்கள். கூட வந்த கணவன்மார்கள்தான் நோயாளிகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். வசந்தாமணி வால்பாறை சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவன் கொடைக்கானலுக்கும் மேலே, மன்னவனூரில், நில அளவர். கல்யாணமாகி ஆறு வருஷம். ஆறு வருஷமும் அவள் ஒரு மலை, அவன் ஒரு மலை. இப்போது மன்னவனூரில் நர்ஸ் இடம் ஒன்று காலியாகியிருக்கிறது. கணவன் மனைவி முன்னுரிமையில் கேட்டால் அவளுக்குத்தான் கிடைக்கும். இருவரும் வேலை பார்க்கும் ஊர்களுக்கு நடுவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் இந்த வருஷத்துச் சுற்றறிக்கை கேட்ட நிபந்தனை. மன்னவனூரிலிருந்து கொடைக்கானல், அங்கிருந்து பழனி, பழனியிலிருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை. பஸ்ஸில் இருநூற்று முப்பது கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம், பழனியில் பஸ் தவறினால் பத்தரை. அவன் நாற்பத்து மூன்று என்று போட்டிருந்தான்.

அவளுக்குத் தெரியாது. அவன் செல்போனில் விண்ணப்பத்தை நிரப்பினான், அவள் வால்பாறையிலிருந்து ஓடிபி எண்ணைச் சொன்னாள், முடிந்தது. அச்செடுத்த தாள்களில் இன்று காலை அவன் விரல் வைத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் மருந்துப் புட்டியின் பெயரை மூன்று முறை படிக்கிறவள், புருஷன் நீட்டிய தாளை ஒரு முறைகூடப் படிக்கவில்லை, இதை நினைத்தபோது அவனுக்கு அவள்மேல் கோபமாகத்தான் வந்தது. இப்போது அந்தத் தாள்கள் பச்சை அட்டைக்குள், அவள் மடியில். அட்டையின் மேல் அவள் கை. அந்தப் பக்கத்து நாற்காலியில் ரெஜினா என்று ஊட்டிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, வந்து உட்கார்ந்த நேரத்திலிருந்து வாய் மூடவில்லை. "சாரு எங்க இருக்காரு?" என்றாள். "மன்னவனூருங்க" என்றாள் வசந்தாமணி. "அது எங்கிட்டு?" "கொடைக்கானலுக்கு மேலங்க." "அடியாத்தி, அப்ப பக்கத்து மலைதானே. சாயங்காலம் மொட்டைமாடில நின்னு விசிலடிச்சாருன்னா உனக்குக் கேக்குமே." வசந்தாமணி சிரித்தாள். "அவருக்கு விசிலடிக்கத் தெரியாதுங்க்கா. போன் அடிச்சாலே எடுக்கமாட்டாரு." "சிக்னல் இல்லம்பாரு." "அதேதானுங்." இருவரும் சிரித்தார்கள், அவனும் சிரிக்க வேண்டியிருந்தது. பக்கத்து மலை. அந்தப் பெண் விளையாட்டுக்குச் சொன்னாள். ஆனால் அவன் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறான், மழை விட்ட மறுநாள் காலையில் ஆட்டுப்பண்ணைச் சரிவுக்கு மேலே நின்றால் மேற்கே அடுக்கடுக்காக நீலம், மூன்றாவதோ நான்காவதோ அடுக்கில் வால்பாறை. அந்தச் சரிவில்தான் சிக்னல் வரும். அங்கே நின்றுதான் விண்ணப்பத்தை நிரப்பினான். கடைசித் தேதி வியாழக்கிழமை. காற்று செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. தூரம் எவ்வளவு என்று கேட்டிருந்த கட்டத்துக்கு வந்ததும் இணையத்தில் இரண்டு ஊரின் பெயரையும் தட்டினான். ஏதோ ஒரு வலைத்தளம், உலகத்தில் எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது. வான்வழித் தொலைவு நாற்பத்து மூன்று கிலோமீட்டர். பறக்கும் நேரம் முப்பத்து மூன்று நிமிடம். கீழே சின்ன எழுத்தில், ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. அப்படியென்றால் நடுவில் மூன்று நிமிடம். மன்னவனூரில் விமானம் இறங்க முட்டைக்கோஸ் வயலைத்தான் தர வேண்டும். கட்டணம் என்ற இடத்தில் தகவல் இல்லை என்று போட்டிருந்தது. அவன் தனியாகச் சிரித்தான். ஆடுகள் திரும்பிப் பார்த்தன. சிரித்துக்கொண்டே நாற்பத்து மூன்று என்று தட்டினான்.

முன்னால் ஒன்பது பேர். ஏன் தட்டினான் என்று அவனிடம் யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கிறது, அந்தப் பதிலைப் பத்து நாளாக மனதுக்குள் தேய்த்து வைத்திருக்கிறான். நில அளவருக்குத் தூரம் என்றால் நேர்த்தூரம். பயிற்சியின் முதல் வாரத்திலேயே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சரிவில் அளவுச் சங்கிலியைத் தரையோடு படுக்கவிட்டால் ஆசிரியர் முட்டியில் தட்டுவார். சங்கிலியை மட்டமாகப் பிடி, மேடு பள்ளமெல்லாம் உன் காலுக்குத்தான், படத்துக்குக் கிடையாது என்பார். பதினான்கு வருஷம் அப்படித்தான் அளந்திருக்கிறான். மலையில் படிப்படியாக வெட்டிய நிலத்தை மட்டமாக அளந்தால் எப்போதும் குறையும். உழுகிறவன் நடந்து பார்த்து ஒரு ஏக்கர் என்பான், படம் எண்பத்திரண்டு சென்ட் என்று சொல்லும். பூண்டு போட்டிருந்த ஒச்சாத்தேவர் அவன் சட்டையைப் பிடித்தே கேட்டார், "ஏப்பா, நான் கால் நோக நடக்கிற நெலத்தை ஓஞ் சங்கிலி எப்பிடிப்பா முழுங்குச்சு?" "முழுங்கலைங்கய்யா, சரிவுக்குப் பட்டா கிடையாது" என்று அவன் நிதானமாகச் சொன்னான். "அப்ப சரிவுல வெளையிறது யாருக்கு?" என்றார் அவர். அதற்கும் நிதானமாக ஏதோ சொன்னான். நிதானம் அவனுக்கு எப்போதும் கைவசம் இருக்கும். எனவே நாற்பத்து மூன்று. கை பழக்கத்தில் போட்டது. கட்டத்தில் பஸ் வழியா வான்வழியா என்று கேட்கவுமில்லை, தூரம் என்றுதான் இருந்தது. நல்ல பதில்தான். ஆனால் அந்தப் பதில் ஒரே ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், முள்வேலியில் வேட்டி மாட்டுகிற மாதிரி. ஐம்பது கிலோமீட்டர் என்ற நிபந்தனையை அவன் பார்த்தது தட்டியதற்கு முன்னாலா, பின்னாலா?

சுற்றறிக்கையை வசந்தாமணி அனுப்பியது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை அதைத் திறந்தானா? வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்திருக்கிறது என்று அவள் புதன்கிழமை சொன்னாள், பாத்துட்டீங்கல்ல என்றாள், பாத்துட்டேன் என்றான். பார்ப்பது வேறு, படிப்பது வேறு. முதல் பக்கத்தைப் படித்தது ஞாபகம் இருக்கிறது. முன்னுரிமைப் பட்டியல் இரண்டாம் பக்கம். விதவை, மாற்றுத்திறனாளி, இருதய அறுவை சிகிச்சை, அதற்குக் கீழே கணவன் மனைவி. இருதய அறுவை சிகிச்சை ஞாபகம் இருக்கிறதே. அப்படியானால் இரண்டாம் பக்கத்தையும் படித்திருக்கிறான். ஆனால் அதை வியாழக்கிழமை ராத்திரி, எல்லாம் அனுப்பிய பிறகு படித்திருக்கலாம். அன்றைக்கு ராத்திரி அறையில் சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாமல் எப்படித் திறந்தான்? ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால் திறக்கலாம். ஏற்கெனவே என்றால் எப்போது? இங்கே வந்ததும் நெஞ்சுக்குழியில் புளித்த ஏப்பம் போல ஒன்று ஏறும், அவன் வேறெதையாவது நினைப்பான். இப்போது மின்விசிறியை நினைத்தான். மூன்று இறக்கையில் ஒன்று வளைந்திருக்கிறது, சுற்றும்போது தட்டுகிறது. வசந்தாமணியின் தலை அவன் தோளில் சரிந்தது. காலை முதல் பஸ்ஸில் மலை இறங்கி வந்தவள். வளைவுகளில் வாந்தி எடுத்திருப்பாள், எலுமிச்சம்பழ வாசம் அவள் விரலில் இன்னும் இருந்தது. ஆறு வருஷமாக எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறி வருகிறவள் அவள்தான். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமையும் நான்காவது சனிக்கிழமையும். அவன் வால்பாறைக்குப் போனது ஆறு வருஷத்தில் ஏழு தடவை. ஏழும் எந்தெந்தத் தேதி என்றுகூட அவனால் சொல்ல முடியும்.

போன வருஷம் பொள்ளாச்சியில் ஒரு பெண் டாக்டரிடம் போனார்கள். எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல. மாசத்துல எத்தனை நாள் சேர்ந்து இருக்கீங்க?" அவன் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தான். வசந்தாமணிதான் சொன்னாள், "ரெண்டு நாளுங்க டாக்டர். சில மாசம் மூணு." "மருந்து எழுதச் சொல்றியா, டிரான்ஸ்பர் எழுதச் சொல்றியாம்மா?" என்று டாக்டர் கேட்டார். வெளியே வந்து அவள் அழவில்லை, கரும்புச்சாறு வாங்கிக் கொடுக்கச் சொன்னாள், குடித்துவிட்டு, "ஏனுங்க, எப்படியாச்சு ஒட்டுக்கா இருக்கோணுங்க. எனக்கு முப்பத்து மூணு முடியுது" என்றாள். இருப்போம் என்றான். அந்த நேரத்தில் அவன் சொன்னது பொய் இல்லை. அன்றைக்கு மன்னவனூர் திரும்பி, அறையின் பூட்டைத் திறந்து, உள்ளே நின்றபோதுதான் அது வந்தது. ஒற்றைக் கட்டில். ஜன்னலுக்கு வெளியே பனி. ரேடியோ. காலையில் கழுவி வைத்த ஒரு தட்டு, ஒரு தம்ளர், வைத்த இடத்திலேயே. யாரும் எதையும் நகர்த்தியிருக்கவில்லை. அவனுக்கு உடம்பு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. அப்படியொரு சந்தோஷத்தை அவன் மனைவி வந்து இறங்கும்போது உணர்ந்ததில்லை, அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வருகிற ஏற்றத்தில் உணர்ந்திருக்கிறான். அவள் நல்லவள். அவன் அவளை அடித்ததில்லை, குடித்ததில்லை, வேறு பெண்ணைப் பார்த்ததில்லை. பழனி பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு போகிறவர்களை அவள் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் அவள் பையை வாங்கித் தானே சுமந்துகொள்வான். ஆனால் அவள் வந்ததும் தம்ளரை நகர்த்துவாள். ரேடியோவைக் குறைப்பாள். என்னங்க யோசிக்கறீங்க என்பாள், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம், அன்பாகத்தான். ஒன்றுமில்லை என்பான். மாதத்தில் இரண்டு நாளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். முப்பது நாளும் என்ன சொல்வது? இதையெல்லாம் அவன் வியாழக்கிழமை ஆட்டுப்பண்ணைச் சரிவில் நினைக்கவில்லை. நினைக்கவேயில்லை. காற்று அடித்தது, ஆடுகள் பார்த்தன, கை தட்டியது.

முன்னால் நான்கு பேர். எப்போது நான்கானது? ரெஜினாவை மேசைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அவள் நாற்காலியில் தண்ணீர்ப் பாட்டில் மட்டும் இருந்தது.  இப்போது சொன்னாலும் போதும். விளையாட்டாகச் சொல்லலாம், இந்தா பாரு, உம் புருஷன் கிறுக்கன், ஏரோப்ளேன் கணக்குப் போட்டு வச்சிருக்கான் என்று. அவள் முதலில் சிரிப்பாள். பிறகு தாளைத் திருப்பிப் பார்ப்பாள். பிறகு அவன் முகத்தைப் பார்ப்பாள். அந்த மூன்றாவதுதான் முடியாது. நர்சுகள் முகத்தைப் பார்க்கிற விதம் வேறு, நாக்கை நீட்டச் சொல்லாமலே பார்த்துவிடுவார்கள். "வசந்தா" என்றான். தோளில் தலை அசைந்தது. "என்னங்க." "தண்ணி இருக்கா?" பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். குடித்தான். "தக்காளி சோறு கட்டிட்டு வந்திருக்கனுங்க. ஆர்டர் வாங்கிட்டுச் சாப்பிட்டுக்கலாம். ஏனுங்க, அந்தப் பால் சொசைட்டிக்குப் பக்கத்துல வீடு காலியாகுதுன்னீங்கல்ல, ரெண்டு ரூமுதானே? ஒண்ணுல உங்க ரேடியோவ வச்சுக்கங்க. நான் உள்ள வரமாட்டேன்." அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனுக்குக் காது சூடாகிவிட்டது. தெரிந்துதான் சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா? "பார்ப்போம்" என்றான். பார்ப்போம் என்பது மேடும் இல்லாத பள்ளமும் இல்லாத சொல். இரண்டு பேர். ஒருத்தர். எழுபத்தொன்று என்று ஒலிபெருக்கி அவர்களைக் கூப்பிட்டது.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி, ஐம்பது வயது இருக்கும், சளி பிடித்த குரல், முகத்தில் கொடூரம் எதுவும் இல்லை. பக்கத்தில் கணினியோடு ஒரு எழுத்தர். எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், ஸ்பவுஸ் முன்னுரிமை வராது. நாப்பத்து மூணுதான் போட்டிருக்காங்க" என்றார். வசந்தாமணிக்கு முதலில் விளங்கவில்லை. "எதுங்க சார் நாப்பத்து மூணு?" "தூரம்மா. ஐம்பதுக்கு மேல இருக்கணும்." "இல்லீங்க சார், வேற யாரோடதையோ பாத்துட்டுச் சொல்றீங்க. ஒம்போது மணி நேரமுங்க. மூணு பஸ்ஸுங்க. பழனில விட்டா அன்னிக்கு ஊரே போய்ச் சேர முடியாதுங்க." அதிகாரி பச்சை அட்டையை வாங்கி, மூன்றாம் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் காட்டினார். "உன் கையெழுத்துதானேம்மா?" அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய கையெழுத்து. அதற்கு மேலே, பதினான்காவது கட்டம். அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க பாருங்க" என்றார் அதிகாரி, அவர் குரலில் இரக்கம் இருந்தது. "டைப் அடிக்கும்போது தப்பாயிருந்தா ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஒரு வெள்ளைத்தாள்ல தப்புன்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே திருத்திக்கலாம். முன்னுரிமையில மன்னவனூருக்கு வேற யாரும் கேக்கல, இல்லாட்டி சீனியாரிட்டிக்குப் போயிரும். சார் எந்த டிபார்ட்மெண்ட்?" "சர்வே, மேடம்." "ரொம்ப நல்லதாப் போச்சு. உங்களவிட யாருக்குத் தெரியும்? சொல்லுங்க, இந்த நாப்பத்து மூணு சரியா, தப்பா?"

மின்விசிறியின் வளைந்த இறக்கை தட்டிக்கொண்டிருந்தது. எழுத்தர் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார், அதன் மேல் பேனாவையும் வைத்தார். தப்பு என்று எழுத வேண்டும். அளவு தப்பு என்று ஒரு நில அளவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பதினான்கு வருஷத்தில் அப்படி ஒரு தாளில் அவன் கையெழுத்துப் போட்டதில்லை, ஒச்சாத்தேவர் கலெக்டர் வரைக்கும் போய் மறு அளவை கேட்டபோதும் அவன் படம்தான் நின்றது, ஒரு சென்ட் கூடவும் இல்லை குறையவும் இல்லை, நாற்பத்து மூன்று தப்பே இல்லையே, கோடு போட்டு யார் அளந்தாலும் நாற்பத்து மூன்றுதான் வரும், தப்பு என்று எழுதினால்தான் அது பொய், அரசாங்கத் தாளில் பொய், ஆனால் வான்வழிக்குச் சரி, சாலை வழிக்கு இருநூற்று முப்பது என்று சொன்னால் அது முழு உண்மை, இரண்டாவது பாதிதான் வேண்டும், அதைச் சொல்லிவிட்டால் மத்தியானம் தக்காளி சோறு, ஒரு மாதத்தில் பால் சொசைட்டி வீடு, இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், பிறகு ஒரு தொட்டில், என்னங்க யோசிக்கறீங்க, நல்ல கேள்விதானே, உலகத்தில் எத்தனை பேரிடம் யாரும் கேட்பதே இல்லை, சொல், இரண்டாவது பாதியைச் சொல். "சரிதான் மேடம்" என்றான். அதிகாரி காத்திருந்தார். மேலே ஏதோ வரும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், பேனாவைக்கூட அவன் பக்கம் லேசாகத் தள்ளினார். இரண்டாவது பாதி அவன் நாக்குக்கு அடியில் கசந்துகொண்டு கிடந்தது. அவன் எச்சில் விழுங்கினான். "அளவு சரிதான்" என்றான் மறுபடியும், கொஞ்சம் உரக்க. அதிகாரி வசந்தாமணியைப் பார்த்தார், பிறகு அட்டையை மூடினார். "அடுத்த வருஷம் பாருங்கம்மா" என்றார். எழுத்தர் வெள்ளைத்தாளை எடுத்துத் திரும்ப அடுக்கில் வைத்தார். எழுபத்திரண்டு.

வராந்தாவில் ரெஜினா நின்றுகொண்டிருந்தாள், கையில் உத்தரவு, வாயில் லட்டு. "என்னாச்சு புள்ள?" என்றாள். வசந்தாமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு லட்டு டப்பாவை மூடிக்கொண்டு நகர்ந்துபோனாள். வெயில் சிமென்ட் தரையில் அடித்து முகத்துக்கு ஏறியது. சௌந்தரபாண்டி தொண்டையைச் செருமினான். அது வந்து, சுற்றறிக்கையில் தெளிவாகப் போடவில்லை, பஸ் வழி என்று போட்டிருந்தால் பஸ் வழியைத்தான் எழுதியிருப்பேன், மேல்முறையீடு என்று ஒன்று இருக்கும் என்று பேசிக்கொண்டே போனான், தன் குரல் நிதானமாக இருப்பதைக் கேட்டு அவனுக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "அந்தம்மா பேனாவக் குடுத்தாங்களே" என்றாள். சத்தம் போடவில்லை. "நான் பாத்துட்டே இருந்தனுங்க. உங்க கை அக்கட்டால போகுதா, இக்கட்டால வருதான்னு." அவன் பஸ் நிறுத்தத்தின் பக்கம் பார்த்தான். "எப்பவிருந்துங்க?" என்று கேட்டாள். "என்னது எப்பயிருந்து?" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் இருக்கும். நாடித் துடிப்பை எண்ணுகிறவர்கள் கைக்கடிகாரத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அவள் கடிகாரம் பார்க்கவில்லை. பிறகு பையைத் திறந்து சோற்று டப்பாவில் ஒன்றை எடுத்து வராந்தாத் திண்டில் வைத்தாள். "சாப்பிட்டுப் போங்க, வழியில ஒண்ணும் கெடைக்காது" என்று சொல்லிவிட்டு, பச்சை அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி, உக்கடம் போகிற பஸ்ஸில் ஏறினாள். அவன் திண்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான். சோற்றில் இன்னும் தாளித்த வாசம் இருந்தது. பசித்தது. முழுவதையும் சாப்பிட்டான். பழனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பிக்கு எந்த ஊரு, எத்தனை பிள்ளைக என்று கேட்டார். மன்னவனூர், பிள்ளை இல்லை என்றான். "அடடா" என்றார் அவர். "கொடுப்பினை இல்ல போல." ஆமாம் என்று தலையாட்டினான். அந்த அடடா அவனுக்கு இதமாக இருந்தது. அதற்கு உரிமையானவன் போலவே அதை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

2020 பிப்ரவரி 12, புதன்கிழமை, பொள்ளாச்சி சார்பு நீதிமன்றம் வசந்தாமணிக்கு விவாகரத்து வழங்கியது. எதிர்மனுதாரர் மூன்று வாய்தாவுக்கும் வரவில்லை. தீர்ப்பு ஒருதலைப்பட்சமாகச் சொல்லப்பட்டது.